இரண்டாவது அறையில் ஆள் இருக்கிறது

தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. மழை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைகள் ஏற்கனவே மேகத்துக்குள் காணாமல் போயிருந்தன. ஹிஷாம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாப்பாவின் பழைய கடையின் பூட்டைத் திறந்தான்.

வாப்பா சரிபுதீன் மவுத்தாகி நான்கு மாதம் ஆகிறது. டோர்ச், பல்பு, வயர், ரேடியோ என்று முப்பது வருடம் அவர் வியாபாரம் செய்த இடம். மாத முடிவுக்குள் கட்டடத்தைக் காலி செய்து தர வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். ஹிஷாமுக்கு நுவரெலியாவில் போன் திருத்தும் கடை இருந்தது. காலை பஸ்ஸில் வந்து, கட்டவேண்டியதைக் கட்டி, மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவது என்று திட்டம். மூன்று நாள் வேலை. மனைவி ரிஸ்லா சோற்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

கீழே இருந்த சாமான்களை மதியத்துக்குள் பெட்டியில் போட்டு முடித்தான். பிறகு மாடிக்குப் போனான். அது அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் படுத்த அறை. ஸ்பிரிங் கட்டில், தகரக் கூரை, ஒரு அலுமாரி. அலுமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டின்.

டின்னைக் கையில் எடுத்தபோதே உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கையில் வைத்து விளையாடும் கேம் மெஷின் ஒன்றின் வெறும் கூடு. பதினெட்டு வயதில் திருத்த வேலை பழகியபோது அவனே அதைக் கழற்றி, போர்டையும் திரையையும் குப்பையில் போட்டிருந்தான். மேல் மூடி, நான்கைந்து பொத்தான்கள், நகத்தளவு மெமரி காட் மட்டும் மிச்சம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கே அறை இருண்டுவிட்டது. அவன் லேப்டொப்பைத் திறந்து, காட்டை ரீடரில் செருகினான். ஆறாத புண்ணை விரல் தானாகத் தேடிப் போவதைப் போலத்தான்.

அந்த மெஷின் பழைய டிவி கேம்களையும் ஓட்டும். அதற்காகப் பழைய டிவி மெஷினின் மெமரி காட் முழுவதையும் ஒரே கோப்பாகச் செய்து இந்தக் காட்டுக்குள் வைத்திருக்கும். அந்தக் கோப்பு எப்போதும் ஒரே அளவுதான், கூடாது, குறையாது. உள்ளே பதினைந்து அறைகள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களைப் போல ஒரே வரிசையில். முன்னால் ஒரு பதிவு. எந்த அறையில் ஆள் இருக்கிறது, எது காலி என்று அதில் இருக்கும். ஆள் இருந்தால் 51. அழித்துவிட்டால் A1. அவ்வளவுதான் வித்தியாசம். மெஷினில் 'அழி' என்று கொடுத்தால் அறைக்குள் இருப்பது அழியாது. பதிவில் அந்த ஓர் எண் மட்டும் மாறும். புதிதாக யாராவது குடிவரும்வரை பழையவர் உள்ளேயே கிடப்பார்.

பதினாறு வயதில் ஹிஷாமுக்கு இது தெரியாது. அழித்தால் அழிந்துவிடும் என்று நம்பித்தான் அழித்தான்.

முதல் அறை அவனுடையது. 51.

இரண்டாவது அறையின் எண் A1. உள்ளே பார்த்தான். அந்த கேம், விளையாடுகிறவரின் பெயரையும் விளையாடிய நேரத்தையும் தலைப்பிலேயே எழுதி வைக்கும். ஆங்கில எழுத்தில் 'தனு' என்று இருந்தது. நாற்பத்தொரு மணித்தியாலம், பன்னிரண்டு நிமிடம்.

தனுஷன் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவு லயத்தில் வீடு. அப்பா சோலைமலை செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர், அம்மா அழகம்மா கொழுந்து எடுப்பவர், ஜெயந்தினி என்று ஒரு தங்கச்சி. வாப்பா கொழும்பிலிருந்து வாங்கிவந்த மெஷினை ஹிஷாம்தான் அவனுக்குக் கொடுத்தான். லீவு முடியும்வரை வைத்துக்கொள் என்று சொல்லி, வாப்பாவுக்குத் தெரியாமல் கொடுத்தான். மூன்றாவது வாரம் வாப்பா மெஷின் எங்கே என்று கேட்டார். பயத்தில் அவன், கடையில்தான் வைத்தேன், காணவில்லை என்று சொல்லிவிட்டான். பிறகு தனுஷனுக்குப் போன் செய்து கொண்டுவரச் சொன்னான். அந்தப் போனில் பேசியதை அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை. நினைவு அந்தப் பக்கம் போனால் எழுந்து வேறு வேலை பார்ப்பான்.

அன்று பகல் தேயிலை மலையின் குறுக்குப் பாதையில் மண் சரிந்தது. மறுநாள்தான் தனுஷனை எடுத்தார்கள். சட்டைக்குள், மூன்று பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டி, நெஞ்சோடு சேர்த்து அவன் வைத்திருந்த மெஷினில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியிருக்கவில்லை.

சரிபுதீன் கடையில் காணாமல் போன மெஷின் என்று ஊர் அடையாளம் கண்டது. திருடிக்கொண்டு போய், பிடிபடப் பயந்து மழையில் ஓடியிருக்கிறான் என்று கதை தானாக முடிந்தது. மவுத்தான பிள்ளை மேல் முறைப்பாடு வேண்டாம் என்று வாப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த மன்னிப்புத்தான் திருட்டை உறுதியாக்கியது. சோலைமலை கடைக்கு வந்து, படி ஏறாமல் மழையில் நின்று, வாப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஹிஷாம் பற்றரி அடுக்கிய ராக்கைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை இந்தக் கட்டிலில் உட்கார்ந்து, கடைக்குத் திரும்பி வந்திருந்த மெஷினைப் போட்டான். மூன்று வாரம் தனுஷனிடம்தான் அது இருந்தது என்பதற்குச் சாட்சியாக நாற்பத்தொரு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடம் அதில் இருந்தது. அவன் அழித்தான்.

இப்போது லேப்டொப்பை மூடினான். காட்டை மேசை லாச்சியில் போட்டுவிட்டு எழுந்தபோது, அறையில் ஈரமண் வாசம் அடித்தது. கூரை எங்கோ ஒழுகுகிறது என்று எண்ணிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

மறுநாள் மதியம் கீழே ராக்கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாடியில் கட்டில் ஸ்பிரிங் முனகியது. ஒரு தடவை. யாரோ காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்ததைப் போல.

பூனையாக இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும். இந்தத் தடவை கூடவே ஒரு மூக்குறிஞ்சல்.

அவன் ஸ்குரூ டிரைவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு படியேறினான். மாடியில் யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. ஈரமண் வாசம் நேற்றைவிட அதிகம். புதிதாகப் பிளந்த மலையின் வாசம், அறுந்த தேயிலை வேரின் பச்சை நெடியும் சேர்ந்து. மெத்தையின் நடுவில் ஒரு குழி. அவன் கையை வைத்துப் பார்த்தான்.

ஈரமாக இருந்தது.

கூரையைப் பார்த்தான். ஒழுகிய தடம் எதுவும் இல்லை.

லாச்சியைத் திறந்து காட்டை எடுத்து ரீடரில் செருகினான்.

இரண்டாவது அறை. 51.

நாற்பத்து மூன்று மணித்தியாலம், ஐம்பது நிமிடம்.

நேற்று நான் தவறாகப் பார்த்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். ஆனால் இன்னொன்று அவனுக்குத் தெரியும். அந்தக் கோப்பின் முன்பகுதியில் மெஷின் தானே இடும் முத்திரை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் அத்தனை எண்களையும் சேர்த்துக் கணக்கிட்டுப் போடும் முத்திரை. வெளியிலிருந்து யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் அது பொருந்தாது. போனில் இன்டர்நெட்டைத் திறந்து, அதைச் சோதிக்கும் சின்ன மென்பொருள் ஒன்றை இறக்கி ஓட்டினான்.

முத்திரை சரி என்று வந்தது.

அப்படியென்றால் இதை எழுதியது மெஷின்தான். அந்த மெஷினின் கூடு பக்கத்தில் டின்னுக்குள் கிடந்தது, போர்டு இல்லாமல், திரை இல்லாமல்.

அவன் அப்போது செய்ததை ரிஸ்லாவிடம் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. பயத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. பதினாறு வயதில் செய்ததையே திரும்பவும் செய்தான். 51ஐ அழித்து A1 என்று தன் கையால் அடித்தான். சோதித்தான். முத்திரை பொருந்தவில்லை என்று வந்தது. நல்லது, அப்படித்தான் வர வேண்டும். காட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான்.

முதுகுக்குப் பின்னால் கட்டில் முனகியது.

அவன் திரும்பவில்லை.

மழை தகரத்தில் கொட்டியது. அதற்குள்ளே ஒரு மூச்சு, வாயில் மண் அடைத்தவன் மூக்கால் இழுக்கும் மூச்சு, விட்டு விட்டுக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று அவனால் சொல்ல முடியாது. பிறகு அது நின்றது. மேசையில் இருந்த காட்டைத் திரும்பச் செருகினான்.

51. முத்திரை சரி.

நாற்பத்து மூன்று மணித்தியாலம், ஐம்பத்திரண்டு நிமிடம்.

பெயர் இருந்த இடத்தில் தனு இல்லை. ஆங்கில எழுத்தில் வேறு ஒன்று இருந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தான்.

கள்ளன்.

குடையை எடுக்காமல் தெருவுக்கு ஓடினான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நனைந்துபோய் நின்றபோது கடைக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னான். பிறகு மழை குறைந்ததும், யாரோ பிடித்துத் தள்ளியதைப் போல மாடிக்குத் திரும்பிப் போய்க் காட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதை அங்கே தனியே விட்டுவர அவனால் முடியவில்லை.

அன்று மாலை ரிஸ்லா மரக்கறி நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பேய் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை திருடவில்லை என்று வேறு யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப நீங்கதானே போய்ச் சொல்லணும்."

மறுநாள் கீழ்ப்பிரிவுக்குப் போனான். மெயின் ரோட்டிலிருந்து அரைமணி நடை. சரிந்த இடத்தில் இப்போது மானாப்புல் வளர்ந்து கிடந்தது, பாதையைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். லயத்தின் கடைசிக் காம்பராவில் அழகம்மா இருந்தார். எண்ணியதைவிட வயதாகியிருந்தார். சோலைமலை இறந்து எட்டு வருடமாம். ஜெயந்தினி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

யார் என்று சொன்னதும் அழகம்மா பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கள்ளனின் அம்மா என்று தலவாக்கலைக் கடைவீதியில் ஒரு தடவை யாரோ காட்டியதிலிருந்து, அவர் அந்தப் பக்கமே போனதில்லை. அது ஹிஷாமுக்கு அப்போது தெரியாது. அந்த நாற்காலியில் அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். தனுஷன் திருடவில்லை. நான்தான் கொடுத்தேன். வாப்பாவிடம் பொய் சொன்னது நான். ஊர் பேசியபோது வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்.

அழகம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அழவில்லை. பேசியது ஜெயந்தினிதான்.

"எங்க அப்பா சாகுற வரைக்கும் யாரு மூஞ்சியயும் பாத்துப் பேசல. எங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா போதுமா? நாளைக்குக் காலைல பெரட்டுல வந்து சொல்லுங்க. எல்லாரு முன்னாடியும்."

வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துக்கு அவன் மறுநாள் ஏழு மணிக்கே போனான். முதல் பஸ்ஸில் வந்திருந்தான். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, கொழுந்துக் கூடையோடு நின்ற நூறு நூற்றிருபது பேருக்கு முன்னால் அதே கதையைச் சொன்னான். யாரும் திட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும், சோலைமலை இதைக் கேட்டிருக்கணும் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்கள் மலைக்குக் கலைந்து போனார்கள். அழகம்மாவும் ஜெயந்தினியும் மட்டும் களத்தில் நின்றார்கள்.

ஹிஷாமுக்கு நெஞ்சு இலேசானது. முடிந்தது என்று எண்ணினான். சட்டைப் பையிலிருந்து காட்டை எடுத்து, இது தனுஷன் விளையாடியது, உங்களிடம் இருக்கட்டும் என்று அழகம்மாவிடம் நீட்டினான். மாடியில் கண்டதைப் பற்றி அவரிடமோ ஜெயந்தினியிடமோ அவன் மூச்சு விட்டிருக்கவில்லை.

அழகம்மா காட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ஒன்னு கேக்கணும் தம்பி. அன்னைக்கு வேலைக்குப் போறப்ப, மழை விடாம வெளிய போகாதய்யான்னு சொல்லிட்டுப் போனேன். சரிம்மான்னு சொன்னான். நான் சொன்னா கேக்குற புள்ள. அப்புறம் ஏன் கெளம்புனான்?"

ஹிஷாம் களத்து மண்ணைப் பார்த்தான்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"போன் பண்ணேன்."

"மழைன்னு சொன்னானா?"

"சொன்னான். பாதையில மண்ணு எறங்குது, மழை விட்டதும் கொண்டாந்து தாறேன்னு சொன்னான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

களத்தின் தகரக் கொட்டகைக்குப் பின்னால் ஈரமண் வாசம் எழுந்தது. அன்று மழை இல்லை. பன்னிரண்டு வருடமாக எழுந்து எழுந்து விலகிப்போன இடத்தில் அவன் இப்போது நின்றுகொண்டிருந்தான். பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. இவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்றும் தோன்றியது.

"இப்பவே வரணும்னு சொன்னேன். இல்லாட்டி நீ கள்ளன்னு வாப்பாகிட்ட சொல்லிருவேன்னு சொன்னேன்."

ஜெயந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழகம்மா காட்டைச் சேலை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டார். கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிப்போனார். சபிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அவன் பஸ் ரோட்டுக்கு வந்து சேரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவர் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

கடையை ஒப்படைத்தாயிற்று. மாடியில் பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பெரட்டில் சொன்னது வாய்வழியாகத் தலவாக்கலைக் கடைவீதிவரை வந்துவிட்டது என்றும், வாப்பாவின் பழைய நண்பர்கள் சிலர் தன்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்றும் ஹிஷாமுக்குச் செய்தி வந்தது. அது அவனுக்குச் சரியாகவே பட்டது. ஆனால் பெரிதாக மழை பெய்த நாட்களில் அவனால் சாப்பிட முடியவில்லை. ரிஸ்லா தட்டை மூடி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு மதியம், நுவரெலியாக் கடையில் ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தபோது ஜெயந்தினி அழைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அம்மா கேட்கச் சொன்னார் என்று தொடங்கினாள்.

"அந்தக் காட்ட அம்மா அண்ணன் படத்துக்கிட்ட வச்சிருக்காங்க. மழை புடிச்சா அது சுடுதுங்க. வெளக்குச் சூடுன்னு நெனச்சு வெளக்கத் தள்ளி வச்சோம். அப்பவும் சுடுது. நீங்க இந்த வேலை செய்றவரு. எதனால சுடும்?"

அவன் மேசையில் ஐம்பது அறுபது மெமரி காட்டுகள் கிடந்தன. எல்லாமே குளிர்ந்து கிடந்தன. ஒரு காட் சுடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவனுக்குத் தெரியும். அது ஏதாவது ஒரு மெஷினுக்குள் இருக்க வேண்டும். யாரோ அதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

"இப்பவும் சுடுதா?" என்று கேட்டான்.

"இப்பவுந்தான். கையில வச்சிருக்கேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். போனில் லயத்துத் தகரத்தில் மழை பெய்வது கேட்டது. மழைக்கு அடியில் இன்னொரு சின்னச் சத்தம், பிளாஸ்டிக்கை விரல் வேகவேகமாகத் தட்டுவதைப் போல, ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மழை என்றே அதுவரை அவன் எண்ணியிருந்தான்.

அப்போது ஜெயந்தினிக்குப் பின்னாலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது. போனை நோக்கிப் பேசவில்லை. அடுப்படியிலிருந்து, பழகிய அலுப்போடு, வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டது.

"தனு, வெளையாண்டது போதும்யா. சோறு ஆறுது, வா."

மழை பெய்துகொண்டே இருந்தது. அந்தச் சின்னச் சத்தம் மட்டும் நின்றது.